வேட்டை இறைச்சியும் லயத்து அடுப்பும்

காட்டு விலங்கின் இறைச்சி உடம்புக்கு உரம் தரும் என்னும் நம்பிக்கை ஊவா மலைகளிலே ஆழ வேரூன்றியது. காட்டுப் பன்றி மூலநோயைத் தணிக்கும், உடும்பு இடுப்புக்கு வலுவூட்டும் என்று பசறையிலும் லுணுகலையிலும் முதியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். மருத்துவ விஞ்ஞானமோ இதற்கு எதிர்த்திசையிலிருந்து பேசுகிறது. தசைக்குள்ளே சுருண்டு கிடக்கும் புழுவையும், சிறுநீரகத்திலே குடியிருக்கும் கிருமியையும், சதைக்குள் சிதறிய ஈயத் துணுக்கையும் அது காட்டுகிறது. விஞ்ஞானத்தின் பக்கமே நாம் நிற்கிறோம்; அதிலே ஐயமில்லை. ஆனால் "காட்டிறைச்சி உண்ணாதே, ஆபத்து" என்று பள்ளிக்கூடச் சுவரிலே எழுதி வைத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுபவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. விலங்கைக் கொன்றவர் யார், அறுத்தவர் யார், அதைப் பரிசோதிக்க வேண்டியவர் யார், எவர் வீட்டு அடுப்பிலே அது வெந்தது என்ற கேள்விகளை விட்டுவிட்டால் நோயின் பாதிக் கதைதான் நம் கைக்கு வரும். மறு பாதி ஊவாவின் சரித்திரத்திலே கிடக்கிறது.

அந்தச் சரித்திரம் தேயிலையோடு தொடங்கவில்லை. இன்றைய பதுளை மாவட்டத்தின் வடக்கு மூலையிலே, மகியங்கனைக்கு அருகே, தம்பானை என்னும் ஊர் இருக்கிறது. வேடர் குலத்தவர் வாழும் ஊர். பழைய நாளில் பிந்தென்னை என வழங்கிய அந்தக் காட்டுப் பிரதேசத்து வேடரைப் பற்றிக் கண்டி அரசனிடம் கைதியாய் இருந்த இராபர்ட் நொக்ஸ் 1681ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே எழுதியிருக்கிறார். அவர்கள் மான் இறைச்சியை நெருப்பின் மேல் உலர்த்தி நாட்டு மக்களுக்கு விற்றார்கள். மரப்பொந்தொன்றிலே தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியை இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பஞ்சகாலத்துக்குச் சேமித்தார்கள். அம்பு தேவைப்பட்டால், இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து, வேண்டிய அம்பின் வடிவத்தில் வெட்டிய இலையொன்றையும் அதற்கு விலையாக இறைச்சியையும் தொங்கவிட்டுப் போவார்களாம். இறைச்சி அங்கே காசாக இருந்தது. வேடர் வாழ்வைப் பொற்காலம் என்று பாட நாம் முன்வரவில்லை. புழுவும் கிருமியும் அன்றும் இருந்தன. ஆயினும் அந்த வேட்டை பகலிலே நடந்தது, கொன்றவனே உண்டான், விலங்கு ஓடியபோது எப்படி ஓடியது, நோயுற்றுத் தள்ளாடியதா, கண் தெளிந்திருந்ததா என்பதை அவன் அறிந்திருந்தான். எழுத்தில்லாத பரிசோதனை ஒன்று அவன் கண்ணிலே இருந்தது எனலாம்.

1817–18இல் ஊவாவும் வெல்லஸ்ஸையும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்தன. எழுச்சியை அடக்க வந்த படை வயல்களைப் பாழாக்கியது, மரங்களை வெட்டியது, கால்நடைகளை அழித்தது. பின்னர் 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் வந்தது. தனியார் உரிமையைச் சாசனத்தால் நிரூபிக்க முடியாத காடும் புல்வெளியும் முடிக்குரியவை ஆயின. தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்குக் கோப்பித் துரைமாருக்கு அவை விற்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக விறகுக்கும் தேனுக்கும் வேட்டைக்கும் போய்வந்த காட்டிலே கிராமத்தான் ஒரே நாளில் அந்நியன் ஆனான்.

அந்தக் காலத்துப் பதுளையின் பெரிய மனிதர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். உதவி அரசாங்க அதிபர், தளபதி, தோட்டமும் சாலையும் திறந்தவர். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று கணக்குச் சொல்வார்கள். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பதுளையிலே உள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. அவருக்குச் சற்றுப் பின், 1848 முதல் நுவரெலியாவிலே குடியிருந்த சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கொண்டுவந்து மரைகளை விரட்டி, கத்தியால் குத்திக் கொன்றதைப் பெருமையோடு நூலாக எழுதினார். ஊவாவின் விளிம்பிலே நிற்கும் ஹோட்டன் சமவெளி துரைமாரின் விளையாட்டுத் திடல் ஆயிற்று. கொம்பும் தோலும் பங்களாச் சுவருக்குப் போயின. யானைக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. பசிக்காக நடந்த வேட்டை அல்ல, பொழுதுக்காக நடந்தது.

இந்தக் காட்சிக்குள்ளேதான் நம் மக்கள் வந்து சேர்ந்தார்கள். மன்னாரிலிருந்து வடபாதை வழியாகக் காடுகளைக் கடந்து, வழியெங்கும் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் உறவினரைப் பலிகொடுத்து, மலையேறிய தென்னிந்தியத் தமிழ் உழைப்பாளிகள். காட்டை வெட்டியவர்கள் அவர்கள். காட்டிலே ஓர் உரிமையும் இல்லாதவர்களும் அவர்களே. கோப்பியை அழித்த நோய் 1869இல் முதன்முதல் கண்ணில் பட்டது ஊவாவின் மடுல்சீமையிலே. பின்பு தேயிலை வந்தது. 1886இல் ஊவா தனி மாகாணம் ஆயிற்று. 1924இல் புகைவண்டி பதுளையைத் தொட்டது. இத்தனை மாற்றத்திலும் மாறாதது ஒன்று: தோட்டம் கணக்கெழுதிக் கூலியிலே பிடித்துக்கொண்டு அளந்த அரிசி. அரிசி வயிற்றை நிரப்பியது. உடம்பைக் கட்ட வேண்டிய புரதம் அதிலே போதாது. ஆட்டிறைச்சி தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் உரிய பண்டம். மற்ற நாட்களில் கருவாடு, அதுவும் கைக்கு எட்டினால்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டுவோம். 1872ஆம் ஆண்டு இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, தோட்டத்துக்கு வந்த தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கானது. மற்றது, எருமையும் வேட்டை விலங்குகளும் வீணே அழிக்கப்படுவதைத் தடுப்பதற்கானது. ஒரே ஆண்டிலே பிறந்த இவ்விரு குழந்தைகளும் ஒன்றையொன்று முகம் பார்த்ததே இல்லை. வேட்டைச் சட்டம் 1891இல் யானையையும் உள்ளடக்கி விரிந்தது. அனுமதிச் சீட்டும் வேட்டைக்காலக் கட்டுப்பாடும் வந்தன. 1893இல் இறைச்சிக்கடைக்காரர் சட்டம் வந்தது. விற்பனைக்கு அறுக்கப்படும் மாட்டையும் ஆட்டையும் உரிமம் பெற்றவனே, அறிவித்து, அதிகாரிக்குக் காட்டி அறுக்கவேண்டும் என்றது அது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதன் தூண்களாய் இருந்தவர்களிலே பலர் வேட்டைப் பிரியர்களான துரைமார். பெரும் மிருகங்களை முதலில் கொன்றுகுவித்த வர்க்கமே பிறகு மிச்சத்தைக் காக்கவும் கிளம்பியது என்று நாம் கேலியாகச் சொல்லலாம். ஆனால் அவர்களின் முயற்சி இல்லையேல் யால முதலிய வனங்கள் நிலைத்திரா என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பாதையின் முடிச்சு.

இச்சட்டங்களிலே ஒன்று, யார் சுடலாம் என்று கேட்டது. மற்றொன்று, எந்த இறைச்சியை விற்கலாம் என்று கேட்டது. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட லயத்து அறையிலே, நடுச்சாமத்தில் சட்டிக்குள் கிடப்பது என்ன, அது நோயற்றதா என்று கேட்க எந்தச் சட்டமும் வரவில்லை. துரை சுட்ட மரை விருந்துணவு. தொழிலாளி சுருக்கிட்ட மரை குற்றச்சாட்டு. குற்றமாக்கப்பட்ட இறைச்சி இருட்டிலே அறுபடும், இருட்டிலே பங்குபோடப்படும், அவசரமாக வேகும். மிச்சம் பரணிலே புகையில் ஒளிந்துகொள்ளும். இந்த ஒளிவுதான் நோய்க்கு உற்ற நண்பன் என்பது நம் கருத்து.

இறைச்சிப் பரிசோதனை என்ற எண்ணமே ஒரு வேலைக்காரப் பெண்ணின் சாவிலிருந்து வலுப்பெற்றது என்பதை மாணவ நண்பர்கள் அறிந்துகொள்வது நல்லது. 1860ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆஸ்பத்திரியிலே ஓர் இளம்பெண் இறந்தாள். ஒரு பண்ணையில் ஏவல் வேலை செய்தவள். காய்ச்சல், தாங்க முடியாத தசைவலி, வீக்கம். வைத்தியர்கள் டைபாய்டு என்று எண்ணினார்கள். பிரிட்ரிக் சென்கர் என்னும் மருத்துவர் அவளுடைய தசையை நுண்ணோக்கியிலே வைத்துப் பார்த்தபோது எண்ணற்ற நுண்புழுக்கள் தெரிந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன் கிறிஸ்துமஸை ஒட்டி அந்தப் பண்ணையிலே பன்றி அறுத்திருந்தார்கள். இறைச்சி வேலையின்போது பச்சை இறைச்சி அவள் வாயிலும் பட்டிருந்தது. பண்ணைக்காரரும் கசாப்புக்காரரும் கூட நோயுற்றது விசாரணையிலே தெரிந்தது. டிரிக்கினெல்லா என்பது அப்புழுவின் பெயர். இறைச்சியோடு வயிற்றுக்குள் போனதும் உறையிலிருந்து வெளிப்பட்டு, குடலிலே பெருகி, தன் குஞ்சுகளை இரத்தத்தின் வழியே தசைகளுக்கு அனுப்பி வைக்கும். 1865இல் ஹெடர்ஸ்லேபன் என்ற கிராமத்திலே 337 பேர் இந்நோய் கண்டனர். 101 பேர் மாண்டனர்.

பன்றி ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியால் பரிசோதித்தே விற்கவேண்டும் என்று போராடியவர் ருடோல்ப் விர்ச்சோ. கசாப்புக்காரர் எதிர்த்தனர், ஏளனம் செய்தனர். 1870களில் பிரஷ்யாவிலே பரிசோதனை கட்டாயமாயிற்று. இதே விர்ச்சோதான் 1848இல் மேல் சிலேசியாவிலே பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராயப் போய், நோயின் வேர் வறுமையிலும் அரசாங்கத்தின் அலட்சியத்திலும் இருக்கிறது, மக்களுக்குக் கல்வியும் சுதந்திரமும் நல்வாழ்வும் கொடுங்கள் என்று அறிக்கை தந்தவர். நுண்ணோக்கியையும் நியாயத்தையும் ஒரே கையிலே பிடித்திருந்த மனிதர். நம்மிடையே சிலர் முன்னதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் பின்னதை மட்டும்.

இனி லயத்துக்குத் திரும்புவோம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனபின், இலாபம் குறைந்த மலைகள் பல பராமரிப்பின்றி விடப்பட்டன. மானாப்புல்லும் புதரும் மூடிய தேயிலை மலை காட்டுப் பன்றிக்கு அரண்மனை. அது இரவிலே இறங்கி, லயத்தைச் சுற்றித் தொழிலாளி போட்ட மரவள்ளியையும் சேம்பையும் கிளறித் தின்னும். கம்பிச் சுருக்கு வைப்பது பாதி பயிர்க் காவல், பாதி உணவுத் தேட்டம். மானையும் மரையையும் போலக் காட்டுப் பன்றியைச் சட்டம் காப்பதில்லை. ஆயினும் சுருக்கிலே எது விழும் என்பதைப் பன்றி மட்டும் தீர்மானிப்பதில்லை.

விழுந்த விலங்கை அறுக்கும் கைகளைப் பாருங்கள். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் பிளந்து வெடித்த கைகள். எலிக்காய்ச்சலின் கிருமி எலியிலே மட்டும் வாழ்வதில்லை. பன்றியின் சிறுநீரகத்திலும் வாழும். இரத்தத்திலும் சிறுநீரிலும் நனைந்த கையின் வெடிப்பு அதற்குத் திறந்த கதவு. உண்பதற்கு முன்பே, அறுக்கும்போதே, ஆபத்து தொடங்கிவிடுகிறது. இலங்கையிலே 2008ஆம் ஆண்டு எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானோர் ஏழாயிரத்துக்கு மேல். அவர்களிலே பெரும்பாலோர் வயலிலும் சேற்றிலும் உழைத்தவர்கள், வேட்டைக்காரர்கள் அல்லர். ஆனால் கிருமி நுழையும் வழி ஒன்றே: உழைத்துக் கிழிந்த தோல்.

குழம்பாக நெடுநேரம் கொதித்த இறைச்சியிலே புழு பிழைக்காது. சதையின் உள்பகுதியும் 71 பாகை வெப்பம் கண்டால் டிரிக்கினெல்லா மாளும். நம் பெண்களின் சமையல் இந்த வகையிலே நல்ல காவல். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கொன்ற இடத்திலேயே ஈரலைச் சுட்டு, அரைவேக்காட்டிலே சாராயத்தோடு தின்பது ஒன்று. அடுப்புக்கு மேலே புகையிலே தொங்கும் வற்றல் இன்னொன்று. உப்பும் புகையும் இறைச்சியை அழுகாமல் காக்கலாம், புழுவைக் கொல்லும் என்று நம்ப முடியாது. பன்றி நாடாப்புழுவின் கதையோ இதைவிடக் கசப்பானது. அதன் முட்டை மனிதனின் மலத்திலே தொடங்கி, அதைத் தின்னும் பன்றியின் தசைக்குப் போய், மீண்டும் மனிதனிடம் வருகிறது. கழிப்பறை இருக்கும் இடத்திலே அச்சங்கிலி அறுந்துபோகும். எத்தனையோ லயங்கள் கழிப்பறை என்பதையே காணாமல் தலைமுறைகளைக் கழித்தன. 1916இல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் மாத்தளைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது முதலில் கேட்டதும் கழிப்பறைதான். மருந்துக்கு ஒத்துக்கொண்ட துரைமாரிலே பலர் கழிப்பறைச் செலவுக்கு முகம் சுளித்தனர்.

புழுவுக்கும் கிருமிக்கும் நெருப்பு மருந்து. ஈயத்துக்கு நெருப்பு மருந்தல்ல. நாட்டுத் துப்பாக்கியிலே திணித்த ஈயம் எலும்பிலே பட்டுக் கண்ணுக்குத் தெரியாத துகளாய்ச் சதையெங்கும் சிதறும். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை. பீடைநாசினி கலந்த இரையை உண்டு செத்த பன்றியின் நஞ்சையும் சமையல் போக்கிவிடும் என்று நம்புவதற்கில்லை. வெல்லவாய, மொனராகலைப் பக்கத்துத் தாழ்நிலங்களிலே "ஹக்கபட்டாஸ்" என்னும் வெடி உருண்டையைப் பூசணிக்குள் வைத்துப் பன்றிக்குப் போடுகிறார்கள். அதைக் கடித்துத் தாடை சிதறிய யானைக்கன்றுகள் பட்டினியால் நாட்கணக்கிலே சாகின்றன. இவ்வாறு கொல்லப்பட்ட விலங்கின் இறைச்சி சந்தியிலே கைமாறும்போது, வாங்குபவன் அதன் சாவைப் பற்றி ஒன்றும் அறியான். கொன்றவனே உண்ட தம்பானை வேடனின் கண் இங்கே இல்லை. இறைச்சிப் பரிசோதகரின் முத்திரையும் இல்லை.

இஃது ஊவாவுக்கு மட்டும் உரிய துன்பமன்று. செல்வமும் கல்வியும் மிக்க ஜப்பானிலே 2003ஆம் ஆண்டு, மான் இறைச்சியைப் பச்சையாக உண்டவர்களுக்கு மஞ்சட்காமாலை வகையொன்று தொற்றியதை மருத்துவர்கள் ஐயமற நிறுவினார்கள். 1957இல் கர்நாடகத்து ஷிமோகாக் காடுகளிலே குரங்குகள் செத்து விழுந்தன. அவற்றை ஒட்டிய உண்ணிகளின் வழியே கியாசனூர்க் காய்ச்சல் மனிதரைப் பற்றியது. செத்துக் கிடக்கும் காட்டு விலங்கைத் தொடாதே என்ற பாடத்துக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. எயிட்ஸ் கிருமியின் பூர்வீகத்தைத் தேடிய ஆராய்ச்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தென்கிழக்குக் காமரூனில் சிம்பன்சியிடமிருந்து மனிதனுக்கு அது தாவியதைக் காட்டுகிறது. வேட்டையாடி அறுத்தவனின் இரத்தக் காயம் வழியே அது நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. அந்தக் காலத்துக் காமரூன் எது? ரப்பருக்கும் யானைத் தந்தத்துக்கும் ஐரோப்பியர் மக்களைச் சுமைகூலிகளாய்க் காட்டுக்குள் விரட்டிய நாடு. தோட்டத் தமிழனுக்கு அந்தக் கதை அந்நியமாய்த் தோன்றாது.

"அப்படியானால் வேட்டையை முற்றாகத் தடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. தடை இருக்கத்தானே செய்கிறது, நூற்றைம்பது ஆண்டுகளாக? 1973–74இல் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோது, அரிசியும் மாவும் அற்றுப்போன லயத்து மக்கள் கிழங்கையும் இலையையும் தேடி அலைந்தனர். அன்று வேட்டைச் சட்டம் உயிரோடுதான் இருந்தது. 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்விலே, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலே வயதுக்கேற்ற உயரமற்றோர் நாட்டிலே ஏறக்குறைய 17 சதவீதம். தோட்டங்களிலே ஏறக்குறைய 32 சதவீதம். தம்பானையிலும் இதே கதைதான் வேறு உருவிலே நடந்தது. 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசிய வனமாக்கப்பட்டபோது, நொக்ஸ் எழுதிய அந்த வேடரின் வழித்தோன்றல்கள் தங்கள் வேட்டைக்காட்டிலே சட்டவிரோதிகள் ஆனார்கள்.

தோட்டத்தின் எல்லைக்குள் வெளியுலகம் நுழைந்த வழியையும் இங்கே குறிப்பிட வேண்டும். துரையின் அனுமதியின்றி அந்நியர் லயத்துக்குள் போவது அத்துமீறல் எனப்பட்ட காலத்திலே, 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்திலே சமசமாஜிகளின் சங்கத்தின் கீழ் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் நுழைந்த வாசல் வழியே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நுழைய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. தோட்டத்து மருந்துச்சாலையிலே நுண்ணோக்கி கிடையாது; கண்ணிமை வீங்கி, தசை வலித்து வருபவனுக்கு "காய்ச்சல், உடம்புவலி" என்று எழுதி மாத்திரை கொடுப்பதே அங்கு நடக்கக்கூடியது. டிரெஸ்டன் பெண்ணுக்கும் முதலில் அதுதான் நடந்தது. என்ன இறைச்சி உண்டாய் என்று கேட்டால், நோயாளி உண்மை சொல்லமாட்டான். சொன்னால் வைத்தியம் கிடைக்குமா, வழக்கு கிடைக்குமா என்ற அச்சம் அவனுக்கு. ஆசிரியர்களாய் இருப்பவர்கள் இந்த இடத்திலே ஏதும் செய்யக்கூடும் என்று நாம் நினைக்கிறோம். கையிலே வெடிப்பு இருக்கையில் அறுக்காதே, நன்றாக வேகவை, செத்துக் கிடந்ததைத் தொடாதே, காய்ச்சல் வந்தால் இறைச்சியைப் பற்றி மறைக்காதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்லலாம். குற்றவாளியிடம் பேசுவதுபோல் அல்லாமல் சொன்னால் அது வீடுவரை போகும்.

2020ஆம் ஆண்டு மே மாதம், ஊவாவுக்கு அப்பால் நல்லதண்ணி லக்சபான தோட்டத்திலே, கம்பிச் சுருக்கொன்றிலே அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. வனவிலங்குத் திணைக்களத்தின் மிருக வைத்தியர்கள் விரைந்து வந்து மயக்க மருந்திட்டு விடுவித்து, உடவளவைக்கு எடுத்துச் சென்று சிகிச்சை செய்தார்கள். மூன்று நாளிலே அது இறந்துபோயிற்று. நாடு முழுவதும் வருந்தியது, நாமும் வருந்தினோம். மலையகத் தோட்டங்களிலே இப்படிச் சிறுத்தைகள் மாட்டிக்கொள்ளும் கம்பிகள் பெரும்பாலும் பன்றிக்காக வைக்கப்பட்டவை. சிறுத்தையைப் பற்றி நாம் படித்த செய்திகளிலே கம்பியின் கனமும் கழுத்துக் காயத்தின் ஆழமும் விவரமாய் இருந்தன. பன்றி விழுந்திருந்தால் அந்த இரவிலே அதை எத்தனை வீட்டார் பங்கிட்டிருப்பார்கள், எத்தனை பிள்ளைகள் அதைத் தின்றிருப்பார்கள் என்பது அவற்றிலே இல்லை.